ஆயா இல்லாத கோட்பாடு

‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்ற பழமொழியைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பெண் இருக்க மாட்டாள். குழந்தைப் பருவத்தில் பதிந்தது கடைசிவரை மாறாது என்பதை ஐரோப்பிய உளவியல் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. ஆனால் அந்தப் பழமொழியைச் சற்று நிறுத்திப் பார்த்தால் ஒன்று புலப்படும். அதில் தொட்டில் இருக்கிறது, குழந்தையும் இருக்கிறது, சுடுகாடுகூட இருக்கிறது. தொட்டிலை ஆட்டியவர் மட்டும் இல்லை. பிள்ளை கெட்டுப்போனால்தான் அவர் நினைவுக்கு வருவார். அப்போது ‘வளர்த்தவ சரியில்ல’ என்று ஒரு வரியில் அவர் கணக்கு முடிக்கப்படும்.

வடசென்னையில் தொட்டில் என்பது பெரும்பாலும் தூளிதான். உத்தரத்திலோ ஜன்னல் கம்பியிலோ அம்மாவின் பழைய புடவையைக் கட்டித் தொங்கவிட்டது. காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போகும் பெண்ணின் குழந்தை அந்தப் புடவையின் வாசனையில் தூங்கிக்கொண்டிருக்கும். தூளியை ஆட்டுகிறவர் ஆயா. இங்கே ஆயா என்றால் பாட்டி. அம்மாவின் அம்மாவோ அப்பாவின் அம்மாவோ, இருவருக்கும் அதே பெயர்தான். அதே ‘ஆயா’ பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கழுவிவிடுகிற பெண்ணுக்கும் பெயர். வெள்ளைக்காரர் வீட்டில் பிள்ளை வளர்த்த பெண்ணுக்கும் அதுவே பெயராக இருந்தது. பின்னது போர்த்துகீசிய ‘ஐயா’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்று அகராதிகள் சொல்கின்றன. அந்த மொழியில் அதற்குச் செவிலி என்று பொருள். முன்னது தாயைக் குறிக்கும் நம் பழைய ‘ஆய்’ என்ற சொல்லோடு உறவுடையதா, இரண்டும் இந்தக் கடற்கரையில் எங்கே சந்தித்தன என்பதை மொழியறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். எனக்கு வேண்டியது அந்த ஒரு சொல் சுமக்கிற மூன்று பெண்கள். குழந்தைப் பருவம்தான் மனிதரின் ஆளுமையைத் தீர்மானிக்கிறது என்று சொன்ன கோட்பாட்டின் வரலாற்றில், மூவருமே வாசல்வரை வந்து நின்றுவிட்டவர்கள்.

ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில், இன்றைய செக் நாட்டிலுள்ள ஃப்ரைபெர்க் என்னும் சிற்றூரில் சிக்மண்ட் ஃப்ராய்ட் பிறந்தார். அவருக்கு இரண்டரை வயது ஆகும்வரை பார்த்துக்கொண்டவர் ஒரு கத்தோலிக்கச் செவிலிப் பெண். குழந்தையை மாதா கோயில்களுக்குத் தூக்கிப்போனார், சாமியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். பிறகு வீட்டில் திருடினார் என்று பிடிபட்டுச் சிறைக்குப் போனார். ஃப்ராய்டின் தந்தைக்கு முந்தைய மணத்தில் பிறந்த அண்ணன்தான் போலீசைக் கூட்டிவந்தவர். 1897 அக்டோபரில் ஃப்ராய்ட் தன்னைத்தானே பகுப்பாய்வு செய்துகொண்டிருந்தபோது இந்தப் பெண் கனவுகள் வழியே திரும்பி வந்தார். நண்பர் ஃப்ளீஸுக்கு எழுதிய கடிதத்தில், வாழ்வதற்கும் தொடர்ந்து வாழ்வதற்குமான வலிமையைச் சின்ன வயதிலேயே தனக்குத் தந்தவர் அவர்தான் என்ற பொருளில் ஃப்ராய்ட் எழுதுகிறார். சில நாட்கள் கழித்து, அக்டோபர் 15ஆம் தேதிக் கடிதத்தில், தாயிடம் விசாரித்துத் தெரிந்துகொண்ட திருட்டுக் கதையை விவரிக்கிறார். அதே கடிதத்தில்தான் முதன்முதலாக ஈடிபஸ் மன்னனும் வருகிறான்: தாய்மேல் ஆசை, தந்தைமேல் பொறாமை, இது எல்லாக் குழந்தைக்கும் பொது.

ஒரே கடிதம். ஈடிபஸ் உலகப் புகழ் பெற்றான். செவிலிப் பெண் கோட்பாட்டுக்குள் வரவேயில்லை. அப்பா, அம்மா, பிள்ளை என்ற முக்கோணத்தில் கூலிக்கு வந்த பெண்ணுக்கு எந்த முனையும் மிச்சமில்லை. அவர் பெயர் என்ன என்பதிலேகூட ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து கிடையாது.

இது ஃப்ராய்டோடு நிற்கவில்லை. தாய்–சேய் பிணைப்புக் கோட்பாட்டின் தந்தை ஜான் பௌல்பி 1907இல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். அந்த வர்க்கத்து வழக்கப்படி அம்மாவைப் பார்க்க முடிந்தது தேநீருக்குப் பிறகு ஒரு மணி நேரம்தான். வளர்த்தவர் மின்னி என்ற இளம் செவிலி. பௌல்பிக்கு ஏறத்தாழ நான்கு வயதானபோது அவர் வேலையை விட்டுப் போனார். அது தாயை இழந்ததற்கு நிகரான துயரம் என்று பௌல்பி பின்னாளில் சொன்னார். ஆனால் 1951இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதிய அறிக்கையில், குழந்தையின் மனநலத்துக்கு அடிப்படை தாயுடன் இடையறாத நெருக்கம் என்பதுதான் ஊருக்குப் போய்ச் சேர்ந்த செய்தி. தாய்க்குப் பதில் நிலையான இன்னொருவர் இருக்கலாம் என்று அறிக்கையில் இடம் இருந்தது. செய்தித்தாள்கள் அந்த இடத்தைப் படிக்கவில்லை. வேலைக்குப் போகும் தாய் குற்றவாளிக் கூண்டில் ஏறினாள். பௌல்பி இழந்து அழுதது ஒரு செவிலியை. கூண்டில் ஏறியவர்களோ தாய்மார்கள்.

மூன்றாமவர் நமக்கு இன்னும் பக்கத்தில் பிறந்தவர். வில்ஃப்ரெட் பியோன், 1897, மதுரா. அப்பா பாசனப் பொறியாளர். குழந்தையின் தாங்க முடியாத பயத்தை ஒருவர் தன் மனதுக்குள் வாங்கி, தாங்கி, தாங்கக்கூடியதாக்கித் திருப்பித் தர வேண்டும். அப்படித்தான் குழந்தை சிந்திக்கக் கற்கிறது என்பது பியோனின் முக்கியமான கருத்து. ‘கொள்கலன்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். எனக்கென்னவோ தூளி என்றே சொல்லத் தோன்றுகிறது. அவரைத் தாங்கிய தூளி ஓர் இந்திய ஆயா. தன்வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் அவர் ஆயாவாகவே வருகிறார். எட்டு வயதில் பியோன் இங்கிலாந்துப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பிறகு அவர் இந்தியாவைப் பார்க்கவேயில்லை. 1980 ஜனவரியில் பம்பாய் வருவதாக இருந்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பு இறந்துபோனார்.

இப்போது சென்னைத் துறைமுகத்துக்கு வருவோம். துறைமுகம் கட்டப்படும் முன்பு கப்பல்கள் தொலைவில் நிற்கும். மீனவர்கள் வலிக்கும் மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டித்தான் ஆட்களும் சரக்கும் கப்பலேற வேண்டும். அந்தப் படகுகளில் வெள்ளைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆயாக்களும் போயிருக்கிறார்கள். நீண்ட கடற்பயணத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காகக் கூட்டிப்போய், லண்டன் போய்ச் சேர்ந்ததும் கைவிடப்பட்டவர்கள் அவர்களில் பலர். அப்படித் தவித்தவர்களுக்காக லண்டனில் ‘ஆயாக்கள் இல்லம்’ என்றே ஒன்று இருந்தது. ஹாக்னியில் அது இயங்கிய கட்டடத்தில் 2022இல் நினைவுப் பலகை வைத்தார்கள்.

ஆயாவுக்கும் கீழே ஒரு வேலை இருந்தது. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்–ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ–இந்திய அகராதி, ‘ஆமா’ என்ற சொல்லுக்குப் பால்கொடுக்கும் செவிலி என்று பொருள் சொல்லி, வழங்கும் இடங்களில் ஒன்றாக மதராஸைக் குறிப்பிடுகிறது. ஆமா வேலைக்கு வர ஒரு பெண்ணுக்குப் பால் சுரக்க வேண்டும். பால் சுரக்க அவளுக்கென்று ஒரு கைக்குழந்தை பிறந்திருக்க வேண்டும். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த அந்தப் பெண்ணின் குழந்தை அப்போது எங்கே இருந்தது? யார் மடியில் கிடந்தது, என்ன குடித்தது? எஜமானிகள் எழுதிய கடிதங்களும் வீட்டு நிர்வாகக் கையேடுகளும் ஆமாவின் சுத்தத்தைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் பேசும். இந்தக் கேள்விக்கு அவற்றில் பதில் தேடுவது வீண். தன் வீட்டு ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், அந்தக் குழந்தை இருந்திருக்கும். வெள்ளைக்காரர் வீட்டு ஆயாவின் குழந்தையை வளர்த்தவர் இன்னொரு ஆயா. உளப்பகுப்பாய்வு முதல் குழந்தையின் ஆளுமையைப் பற்றி நூலகம் நூலகமாக எழுதியிருக்கிறது.

குழந்தைப் பருவம் என்பதே எல்லோருக்கும் ஒரே நீளமாக இருந்ததில்லை. 1905இல் ஃப்ராய்ட் வெளியிட்ட பாலியல் பற்றிய மூன்று கட்டுரைகளில் ‘உறங்குநிலைப் பருவம்’ என்று ஒன்றைச் சொன்னார். ஐந்தாறு வயதில் தொடங்கிப் பருவமடையும்வரை ஆசைகள் அடங்கிக் கிடக்கும், அந்தச் சக்தி படிப்புக்கும் பண்பாட்டுக்கும் திரும்பும் என்பது அவர் கருத்து. அந்த ஆண்டில் இந்தியாவில் நடப்பிலிருந்த தொழிற்சாலைச் சட்டம் 1891ஆம் ஆண்டுச் சட்டம். ஒன்பது வயதுக் குழந்தையை நாளைக்கு ஏழு மணி நேரம் வேலை வாங்கலாம் என்றது அது. அதற்கு முந்தைய 1881 சட்டத்தில் வயது ஏழு, நேரம் ஒன்பது மணி. 1876இல் தொடங்கிய பக்கிங்ஹாம் மில்லும் அடுத்து வந்த கர்னாடிக் மில்லும் பெரம்பூரில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. வியன்னாவின் உறங்குநிலைப் பருவம் முடிவதற்குள்ளேயே மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் ஷிப்டு தொடங்கிவிட்டது. குறைந்தபட்ச வயது பன்னிரண்டு ஆனது 1922இல்தான்.

இதைச் சொல்லும்போது, குழந்தைப் பருவம் முக்கியமில்லை என்று நான் வாதிடுவதாக நினைக்க வேண்டாம். உளப்பகுப்பாய்வைக் குப்பையில் போடுவது பெண்ணியத்துக்கு எளிது, லாபமில்லாதது. முதல் சில ஆண்டுகளில் நம்மைத் தூக்கியவரின் கை இறுகியதா நடுங்கியதா என்பதை உடம்பு மறப்பதில்லை. என் கேள்வி, அந்தக் கை நடுங்கியதற்குக் காரணத்தை அந்தக் கைக்குள்ளேயே தேடி நிறுத்திக்கொள்வது சரியா என்பது.

இந்தியாவுக்கு வந்தும் கோட்பாடு இந்தப் பழக்கத்தை விடவில்லை. 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், ஃப்ராய்டோடு தைரியமாகவே முரண்பட்டார். பெண்ணாக வேண்டும் என்ற ஆசை தன்னிடம் வரும் ஆண்களிடம் வெளிப்படையாகவே இருக்கிறது என்று அவருக்கு எழுதினார். சுதிர் கக்கரின் ‘உள்ளுலகம்’ பற்றிய ஆங்கில நூல் 1978இல் வந்தது. இந்திய ஆண்குழந்தை நாலைந்து வயதுவரை தாயின் மடியிலேயே நீண்ட நாள் கிடக்கிறான், பிறகு ஆண்களின் உலகத்துக்குத் திடீரென்று மாற்றப்படுகிறான், அந்த வெட்டு அவன் ஆளுமையில் தங்குகிறது என்றார் அவர். கூர்மையான நூல்தான். ஆனால் அதன் மையத்திலிருக்கும் தாய், நாளெல்லாம் வீட்டிலிருக்க முடிந்த மேல்சாதிக் குடும்பத்துத் தாய். எண்ணூர் உப்பளத்துக்குப் போனவளும், திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலைச் சங்கு ஊதுவதைக் கேட்டு வாழ்ந்தவளும் அந்த மடிக்குச் சொந்தக்காரர்கள் அல்லர்.

நம்மிடம் நெருங்கி வந்தவர் மார்கரெட் ட்ராவிக். ஒரு தமிழ்க் குடும்பத்தோடு தங்கி அவர் எழுதிய நூல் 1990இல் வெளியானது. தமிழ்த் தாய் தன் அன்பை வெளியே காட்டாமல் அடக்கி வைப்பதை, குழந்தையை ஆசையாக உற்றுப் பார்த்தால் தன் கண்ணே பட்டுவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதை, ஒரு வீட்டில் பல பெண்கள் பல குழந்தைகளுக்குத் தாயாவதை அவர் கவனித்தார். அடக்கம், பழக்கம், கொடுமை, எளிமை என்று நம் சொற்களையே அன்பின் இலக்கணமாக அடுக்கினார். வின்னிகாட் 1967இல் எழுதிய கட்டுரையில் தாயின் முகம்தான் குழந்தையின் முதல் கண்ணாடி என்கிறார். முகத்தைத் திருப்பிக்கொள்கிற தாயிடம் வளர்ந்த நமக்கு அந்தக் கண்ணாடி உடைந்ததா, அல்லது அத்தை, சித்தி, ஆயா என்று ஏழெட்டுச் சில்லுகளாகக் கிடைத்ததா? கருப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பாட்ரிசியா ஹில் காலின்ஸ் ‘பிற தாய்மார்’ என்று பேசியது இதற்கு அருகில் வருவது. பெற்றவளோடு சேர்ந்து பிள்ளையை வளர்க்கும் பாட்டிகள், அக்காக்கள், பக்கத்து வீட்டுப் பெண்கள் அவர் கணக்கில் உண்டு.

இந்தப் பகிர்தலைப் பார்த்துக் கண் கலங்கும் கட்டுரைகள் நிறைய வந்துவிட்டன. எனக்கு அதில் ஒரு உறுத்தல். அந்த ‘பிற தாய்’ பல வீடுகளில் எட்டு வயதுக்காரி. அம்மா கூடையோடு போனதும் தம்பியை இடுப்பில் தூக்குபவள் மூத்த பெண். தூக்கித் தூக்கி ஒரு பக்கம் இடுப்பு சாய்ந்தபடியே வளர்ந்தவர்கள் நம் அம்மாக்களின் தலைமுறையில் எத்தனையோ பேர். எந்தத் தொழிற்சாலைச் சட்டமும் அவளைத் தொழிலாளியாக எண்ணவில்லை. அவளுக்கு நேரமும் இல்லை, குறைந்தபட்ச வயதும் இல்லை. உளப்பகுப்பாய்வில் அவளைக் கிட்டத்தட்டக் கண்டுகொண்டவர் ஹங்கேரியின் சாண்டோர் ஃபெரென்சி. 1932இல் அவர் வாசித்த உரை, பெரியவர்களின் வன்முறைக்கும் துயரத்துக்கும் ஆளான குழந்தை சட்டென்று முதிர்ந்துவிடுவதைப் பற்றியது. பறவை கொத்திய பழம் முந்திப் பழுப்பதை அதற்கு உவமை சொன்னார். வீட்டின் துயரத்தைத் தணிக்கும் பொறுப்பு முழுவதும் அந்தக் குழந்தையின் தலையில் விழுவதையும் சொன்னார். நம் ஊரில் அந்தப் பழத்துக்குப் பெயர் ‘பொறுப்பான பொண்ணு’. அவள் நாற்பது வயதிலும் எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டுக் கடைசியில்தான் உட்காருவாள். தனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் விழிப்பாள். அதைக் குணம் என்கிறோம், தியாகம் என்கிறோம். அது ஒரு வேலையின் தழும்பு.

நான்சி சோடோரோவின் ‘தாய்மையின் மறுஉற்பத்தி’ என்ற நூலும் கக்கரின் நூல் வந்த அதே 1978இல்தான் வந்தது. பெண்கள் மட்டுமே பிள்ளை வளர்ப்பதால் மகள் தாயிடமிருந்து பிரியாமலே, அவளுடைய நீட்சியாகவே தன்னை உணர்ந்து வளர்கிறாள். மகனோ தாயிலிருந்து விலகித்தான் ஆணாகிறான். ஆகவே தந்தையும் வளர்ப்பில் பங்கெடுத்தால் இந்தச் சுழற்சி உடையும் என்றார் அவர். இரவு ஷிப்டு முடித்து வரும் துறைமுகத் தொழிலாளியிடம் இதைச் சொல்ல முதலில் ஷிப்டைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

குழந்தைப் பருவத்து அனுபவம் ஓர் ஆளைத் தாண்டி ஓர் அரசின் திட்டமாகவே ஆனதற்கு நம்மிடம் ஒரு சான்று உண்டு. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அதன் மூலம் தன் பசிதான் என்று வெளிப்படையாகச் சொன்னார். தந்தையை இழந்து, அழ மட்டுமே தெரிந்த வயதில் குடும்பமே பட்டினி கிடந்ததையும், பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றியதையும் நினைவுகூர்ந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் திட்டம் நகரங்களுக்கும் வந்தது. அவர் ஆட்சியைப் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் ‘பிம்பச் சிறை’யில் வைக்கும் விமர்சனங்களை நான் மறக்கவில்லை, ஏழைகளின் காவலர் என்ற பிம்பத்துக்கும் ஏழைகளின் நிலைக்கும் இருந்த தூரத்தை அவர் அளந்து காட்டியிருக்கிறார். ஆனாலும் இந்தக் கதையில் என்னை நிறுத்துவது வேறு. முதலமைச்சரின் பசி வரலாறானது. கஞ்சி ஊற்றிய பெண் ‘பக்கத்து வீட்டுப் பெண்’ணாகவே நின்றுவிட்டார், ஃப்ரைபெர்க்கின் செவிலியைப் போலவே.

அத்திட்டத்தால் ஏராளமான பெண்கள் அமைப்பாளராகவும் சமையலராகவும் உதவியாளராகவும் வேலைக்கு வந்தார்கள். கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை இருந்தது. பிள்ளைகள் அந்த உதவியாளரை அழைத்த பெயர், வேறென்ன, ஆயாதான்.

பிள்ளை வளர்ப்பை வீட்டுக்கு வெளியே கொண்டுவர முடியும் என்பதற்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. மரியா மாண்டிசோரி 1907இல் தன் முதல் பள்ளியைத் திறந்தது ரோமின் சான் லோரென்சோ என்ற தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளுக்காக. அவர் 1939 நவம்பரில் சென்னைக்கு வந்தார். ஆனால் வந்திறங்கிப் பாடம் நடத்தியது அடையாற்றில், தியாசபிகல் சொசைட்டியில். திருவொற்றியூருக்கும் அடையாற்றுக்கும் உள்ள தூரம் வரைபடத்தில் அதிகமில்லை. இன்று ‘மாண்டிசோரி’ பலகை தொங்கும் பள்ளிகளின் கட்டணத்தைக் கேட்டால் அந்தத் தூரம் விளங்கும். போர்க்கால லண்டனில் அன்னா ஃப்ராய்ட் நடத்திய ஹாம்ப்ஸ்டெட் காப்பகத்தில், பிரிந்திருந்த குழந்தைகள் வாடுவதைக் கண்டு, ஒரு செவிலிக்கு நாலைந்து பேர் என்று சிறு ‘குடும்பங்களாக’ப் பிரித்தார்கள். குழந்தைகள் தம் செவிலியிடம் ஒட்டிக்கொண்டார்கள், பொறாமைப்பட்டார்கள், பேசத் தொடங்கினார்கள். போருக்குப் பின் பிரிட்டனில் காப்பகங்கள் மூடப்பட்டதற்குப் பௌல்பியைத்தான் குற்றம் சொல்வது வழக்கம். டெனிஸ் ரைலி 1983இல் எழுதிய நூல் அதைத் திருத்துகிறது: மூடும் வேலையை நிர்வாகமும் நிதியும் முன்பே தொடங்கிவிட்டன. கோட்பாடு பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

இங்கே சட்டங்களுக்குக் குறைவில்லை. மதராஸ் மகப்பேறு நலச் சட்டம் 1934லேயே வந்தது, தொழிற்சாலைப் பெண்களுக்கு மட்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது; 1976இல் அது முப்பதானது. 2017இல் மகப்பேறு விடுப்பு 26 வாரமானது. மீன்கூடைக்காரிக்கும் வீட்டுவேலை செய்பவருக்கும் சித்தாளுக்கும் இவற்றில் ஒன்றும் பொருந்தாது, ஏனென்றால் அவர்களுக்கு முதலாளி என்று ஒருவர் சட்டத்தின் கண்ணில் படுவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய்தான் அவர்களுக்குக் கிடைக்கும் விடுப்பு.

மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல் பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளைப் பற்றி அறிக்கை தந்தது. சின்னக் குழந்தைக்கு ஓர் இடம் கிடைத்தால்தான் மூத்த பெண் பள்ளிக்குப் போக முடியும் என்பதை அவர் பிறகும் விடாமல் சொல்லிவந்தார். 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது, அங்கன்வாடிகள் வந்தன. தமிழ்நாட்டில் அங்கன்வாடி பிள்ளையை உட்காரவைத்துச் சோறு போடுவது இரண்டு வயதுக்கு மேல்தான். அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கு வீட்டுக்கு எடுத்துப்போகச் சத்துமாவு தருவார்கள். ஃப்ராய்டிலிருந்து பௌல்பிவரை எல்லோரும் ஆளுமையின் அஸ்திவாரம் என்று சத்தியம் செய்த அந்த இரண்டு வருடத்துக்கு அரசிடம் மாவு இருக்கிறது, மடி இல்லை. மடிக்கு இன்றும் காசிமேட்டில் ஆயாவைத்தான் எழுப்ப வேண்டும். ஆயா படுத்துவிட்டால், அக்காவை.

அங்கன்வாடிப் பணியாளர்களும் உதவியாளர்களும் சிறப்புக் காலமுறை ஊதியம் வேண்டாம், முறையான காலமுறை ஊதியமும் பணி நிரந்தரமும் வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். மறியலில் கைதாகி மண்டபத்தில் வைக்கப்படும்போது, அவர்களில் இளையவர்களின் பிள்ளைகள் அன்று யாரிடம் இருந்திருப்பார்கள் என்பதை இனி நான் சொல்ல வேண்டியதில்லை.